ரோட்ஸ் தீவில் ஆறு வாரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் சொல்லித் தருகிறேன். வரும் அக்டோபர் 24 ஐ.நா. தினத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும். ஐ.நா. அதிகாரியாக இருந்த ரால்ஃப் பன்ச் பற்றிச் செய்யலாம் என்று எடுத்தேன். எதைப் படித்தாலும் ‘அமைதிக்காக வாழ்வை அர்ப்பணித்தார், அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் சமாதானம் செய்து வைத்தார், 1950-ல் நோபல் பரிசு பெற்றார்’ என்கிற அளவோடு நின்றுவிடுகிறது. வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “சமாதானம் செஞ்சு வெச்சாருன்னா என்ன மிஸ் செஞ்சாரு? ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கை குலுக்க வெச்சாரா?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவர் தினமும் என்னதான் வேலை பார்த்தார்? அங்கே இன்றுவரை சண்டை ஓயவில்லையே, பிறகு எதற்கு அவரைக் கொண்டாட வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். அதற்கும் என்ன சொல்வது? நம் சேலம் பக்கத்தில் இப்படி யாராவது இருந்திருக்கிறார்களா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சருக்கு,

கேட்க வேண்டிய கேள்வியை அந்தப் பையன் கேட்டிருக்கிறான். கைகுலுக்கல் எல்லாம் கடைசியில் வருகிற சமாச்சாரம். 1949 ஜனவரி 13 அன்று ரோட்ஸ் தீவில் பேச்சு தொடங்கியபோது, எகிப்தியர்கள் இஸ்ரேலியர்களோடு நேரடியாகப் பேசவே தயாராக இல்லை. ஒரே அறையில் இருந்தாலும் சொல்ல வேண்டியதை பன்ச்சிடம்தான் சொன்னார்கள். பிப்ரவரி 24 அன்று அதே இரண்டு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. நடுவில் இருந்த ஆறு வாரத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். பிறப்பு, வளர்ப்பு, விருதுகளை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

முன்கதை சுருக்கமாக. 1948 மே மாதம் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் வெடித்ததும் ஐ.நா. ஸ்வீடன் நாட்டு பெர்னடாட் பிரபுவை மத்தியஸ்தராக அனுப்பியது. அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் பன்ச். செப்டம்பர் 17 அன்று ஜெருசலேமில் பெர்னடாட்டைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று அவரோடு போயிருக்க வேண்டிய பன்ச், வந்து சேரத் தாமதமானதால் பிழைத்தார். பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நவம்பர் 16 அன்று பாதுகாப்பு சபை போர்நிறுத்த ஒப்பந்தம் பேசச் சொல்லித் தீர்மானம் போட்டது. டிசம்பரில் மறுபடியும் சண்டை. ஜனவரி 7-ல் துப்பாக்கிகள் ஓய்ந்த ஒரு வாரத்துக்குள் இரு தரப்பையும் ரோட்ஸுக்கு வரவைத்துவிட்டார்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். ரோட்ஸ் கிரேக்கத் தீவு, எந்தத் தரப்புக்கும் சொந்த மண் அல்ல. கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் அடுத்த விமானம் வரும்வரை எங்கேயும் போக முடியாது. ஓட்டல் தெ ரோஸ் என்ற ஒரே விடுதியில் இரு தரப்பையும் வெவ்வேறு மாடிகளில் தங்கவைத்தார். மாடிப்படியிலும் பில்லியர்ட்ஸ் மேஜையிலும் எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வழியில்லை.

முதல் நாளே எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசியிருந்தால் அன்றைக்கே கலைந்திருக்கும். பன்ச் எடுத்தது நிகழ்ச்சிநிரல். எதைப் பேசப் போகிறோம், எந்த வரிசையில், பேச்சு நடக்கும்போது யாரும் தாக்குவதில்லை என்ற உறுதியை எப்படி எழுதுவது. பார்க்கப் போனால் ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் அதற்கே இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து முறைப்படி ஒப்புதல் வாங்கினார். இதில் இரண்டு நோக்கம் இருந்ததாக அவரே பிற்பாடு விளக்கியிருக்கிறார்: இருவரையும் நேருக்கு நேர் சந்திக்க வைப்பது ஒன்று, கையெழுத்துப் போடும் பழக்கத்தை உண்டாக்குவது இன்னொன்று. சின்ன விஷயத்தில் ஒருமுறை கையெழுத்துப் போட்டவருக்கு அடுத்ததில் பேனாவை எடுக்க அவ்வளவு தயக்கம் இருக்காது.

அதன் பிறகு தனித்தனிச் சந்திப்புகள். நிகழ்ச்சிநிரலில் ஓர் அம்சத்தை எடுத்துக்கொண்டு ஒரு தரப்போடு பேசுவார், பிறகு மற்ற தரப்போடு, பிறகு திரும்பவும் முதல் தரப்போடு. இடைவெளி குறைந்ததும் தலைவர்களை மட்டும் வைத்து முறைசாராமல் ஒரு சந்திப்பு. எல்லாம் ஒத்துவந்த பிறகே முறையான கூட்டுக் கூட்டம், அதுவும் சுருக்கமாக. பெரிய கூட்டத்தில் ஆட்கள் தங்கள் ஊர்ப் பத்திரிகைக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். முட்டுக்கட்டை விழுந்த இடங்களில் அவரே வாசகத்தை எழுதி முன்வைத்தார். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிரிக்கு விட்டுக்கொடுத்தேன் என்று ஊருக்குப் போய்ச் சொல்ல முடியாது. ஐ.நா. கேட்டதால் ஒத்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: மத்தியஸ்தர் நாட்டாமை அல்ல. நாட்டாமை தீர்ப்புச் சொல்வார், ஊர் கட்டுப்படும். பன்ச்சுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமோ, சொன்னதை நடத்திக்காட்டப் படையோ கிடையாது. அவர் கையில் இருந்தது ஒரு வரைவுத் தாள்.

முடிச்சு விழுந்த இடங்களில் ஒன்று தென் பாலஸ்தீனத்தில் இருந்த ஃபலூஜா என்ற ஊர். ஒரு முழு எகிப்தியப் படைப்பிரிவு அங்கே நாலாபுறமும் சூழப்பட்டுக் கிடந்தது. உள்ளே இருந்த அதிகாரிகளில் ஒருவர் பின்னாளில் எகிப்து அதிபரான நாசர். அவர்களை வெளியே விட்டால் கையிலிருக்கும் பிடி போய்விடும் என்பது இஸ்ரேலின் கணக்கு. அவர்கள் மானத்தோடு வெளியே வராமல் எகிப்து கையெழுத்துப் போடாது. கடைசியில் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவில் இறங்கிய வாசகம், படைகள் தங்கள் தளவாடங்களோடு ஐ.நா. மேற்பார்வையில் எகிப்து எல்லைக்கு அப்பால் வெளியேற வேண்டும் என்கிறது. எப்போது? கையெழுத்தான நாளுக்கு மறுநாள் கழித்து, கிரீன்விச் நேரம் காலை 5 மணிக்கு. ‘விரைவில்’ என்று போடவில்லை, ‘காலையில்’ என்றும் போடவில்லை. எதிரெதிர் முகாம்களின் கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டும் என்று நம்ப முடியாது. ஒரு மணி நேரம் முன்னால் லாரி கிளம்பினால் காவலில் இருப்பவன் அதைத் தாக்குதல் என்று நினைத்துச் சுடுவான். ஒரு குண்டு வெடித்தால் ஆறு வார வேலையும் வீண். அதனால்தான் எந்தக் கடிகாரம் என்பது வரை எழுத வேண்டியிருந்தது. வெளியேறும் முறையை விவரிக்கத் தனியாக ஒரு பின்னிணைப்பே உண்டு. ராஜதந்திரியின் வேலை என்ன என்று அந்தப் பையன் கேட்டானே, பெரும்பகுதி இதுதான். எந்த வார்த்தையை இருவர் இருவிதமாகப் படிக்க முடியும் என்று தேடிப் பிடித்து, அதை எடுத்துவிட்டு வேறு வார்த்தை போடுவது.

எகிப்து எல்லையோரம் இருந்த அல்-அவ்ஜா என்ற சாலைச் சந்திப்பு இன்னொரு முடிச்சு. அது இஸ்ரேலின் கையில் இருந்தது. அவர்கள் போக வேண்டும் என்றது எகிப்து. யாருக்கும் கொடுக்காமல் ராணுவம் இல்லாத பகுதியாக அறிவித்து, ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் கூட்டுக் குழுவின் தலைமையகத்தை அங்கேயே வைத்து அவிழ்த்தார்கள். தரப்புக்கு மூவர், தலைவராக ஐ.நா. அதிகாரி ஒருவர், ஆக ஏழு பேர் கொண்ட குழு.

மூன்றாவது, கோடு. போர்நிறுத்தக் கோட்டை ஒத்துக்கொண்டால் அதுவே நாட்டு எல்லையாகிவிடுமே என்ற பயம் இரு பக்கமும் இருந்தது. அதற்கு மருந்து ஐந்தாம் பிரிவில் இருக்கிறது: இந்தக் கோடு எந்த வகையிலும் அரசியல் எல்லையோ நில எல்லையோ ஆகாது, எவருடைய உரிமைக் கோரிக்கைக்கும் இதனால் பங்கமில்லை. இந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை. நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை, கையெழுத்தான கணமே அமலுக்கு வரும் என்று பன்னிரண்டாம் பிரிவு சொன்னது. ஊருக்கு எடுத்துப்போய் விவாதிக்க விட்டிருந்தால் ஒப்பந்தத்தை அங்கேயே கொன்றிருப்பார்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பேச்சு முடியும் முன்பே, பேச வந்தவர்களுக்கு நினைவுப் பரிசாக ரோட்ஸ் பீங்கான் தட்டுகளுக்குச் சொல்லிவைத்திருந்தார் பன்ச். இழுபறி நேரத்தில் அதைக் காட்டி, ஒத்துப்போனால் ஆளுக்கு ஒன்று தருவேன், இல்லையென்றால் உங்கள் தலையிலேயே போட்டு உடைப்பேன் என்றாராம்.

எகிப்தை முடித்த பிறகுதான் மற்றவை: லெபனானோடு மார்ச் 23, ஜோர்டானோடு ஏப்ரல் 3, சிரியாவோடு ஜூலை 20. ஈராக் கையெழுத்தே போடவில்லை, தன் நிலைகளை ஜோர்டானிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது. பெரிய நாடான எகிப்து கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்குப் பழி குறைவு. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அமெரிக்கா, பிரான்ஸ், துருக்கி மூன்றும் இருந்த ஐ.நா. சமரசக் குழு அரபு நாடுகளை ஒரே அணியாக வைத்துப் பேசியது. அந்த முறையில் யார் முதலில் இறங்கிவந்தாலும் மற்றவர்கள் முன்னால் துரோகி ஆகிவிடுவார். அதனால் எல்லாரிலும் கடுமையானவர் சொல்வதே அணியின் நிலைப்பாடாக நின்றது. லோசானில் ஒன்றும் தேறவில்லை. ஒவ்வொருவராகப் பேசிய முறை பன்ச்சின் மூளை என்று நான் நினைக்கிறேன். ஆனால் ரோட்ஸில் தேறியதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. போரில் வீடிழந்த பாலஸ்தீன அகதிகளின் பிரச்சினையை அங்கே தொடவே இல்லை. எளிதானதை எடுத்துக்கொண்டார், கடினமானது லோசானுக்குப் போனது.

உங்கள் சக ஆசிரியர் கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்பது நியாயம்தான். ரோட்ஸில் செய்தது போர்நிறுத்தம். நிரந்தர சமாதானம் பிறகு பேசப்படும் என்ற நம்பிக்கையில் போட்ட தற்காலிக ஏற்பாடு. அந்தப் பேச்சு கைகூடவில்லை. கையெழுத்தை வாங்கிக் கொடுத்த அதே ஐந்தாம் பிரிவு, எதையும் முடிவு செய்யாமலும் விட்டது. கண்காணிப்புக் குழுவில் மூவருக்கு மூவர் என்று நின்றால் தலைவரின் வாக்குதான் முடிவு செய்யும். ஒவ்வொரு முறையும் தோற்ற தரப்பு ஐ.நா.வைப் பாரபட்சம் என்று திட்டியது. 1956-ல் மறுபடியும் போர், இம்முறை பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து எகிப்தைத் தாக்கின. அப்போது ஐ.நா. அவசரப் படையைத் திரட்டிய வேலையிலும் பன்ச் இருந்தார். பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்களிடமிருந்து அடையாளம் தெரிய நீலத் தொப்பி தேவைப்பட்டது. புதிதாகத் தைக்க வாரங்கள் ஆகும். அமெரிக்க ராணுவ இருப்பில் இருந்த இரும்புத் தொப்பிகளின் பிளாஸ்டிக் உள்கூடுகளை எடுத்து நீல வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். ஐ.நா. நீலத் தொப்பி பிறந்த கதை இதுதான். நவம்பர் 4-ல் படைக்கான திட்டம் கேட்கப்பட்டது, 15-ஆம் தேதி முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கினார்கள். அதில் இந்தியப் படையும் இருந்தது. அந்தப் படையை இஸ்ரேல் தன் மண்ணில் நிற்கவிடவில்லை, எகிப்துப் பக்கம் மட்டுமே நின்றது. 1967 மே மாதம் எகிப்து போகச் சொன்னபோது போக வேண்டியதாயிற்று. ஜூன் 5 அன்று போர்.

ஆனால் ஃபலூஜாவிலிருந்து உயிரோடு வீடு திரும்பியவர்களிடம் ‘அது சமாதானம் இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு செய்தி, பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். பன்ச் அமெரிக்கக் கறுப்பினத்தவர், சிறுவயதில் தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். ரோட்ஸுக்குப் பிறகு அதிபர் ட்ரூமன் வெளியுறவுத் துறையில் உயர்பதவி கொடுக்க முன்வந்தபோது, நிறப் பாகுபாடு நிலவிய வாஷிங்டனில் குடும்பத்தோடு வாழ விரும்பவில்லை என்று மறுத்தார். இன்னொன்று 1947-ல் நடந்தது. பாலஸ்தீனத்துக்குப் போன ஐ.நா. சிறப்புக் குழுவில் 11 நாடுகள். பிரிவினை என்றது பெரும்பான்மை. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் ஒரே கூட்டாட்சி நாடு என்றன. குழுவின் அலுவலராக இருந்த பன்ச்தான் இரண்டு அறிக்கைகளையும் எழுதிக் கொடுத்தார்! தனக்கு உடன்பாடோ இல்லையோ, ஒரு தரப்பின் வாதத்தை அவர்களே ஒத்துக்கொள்ளும்படி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் திறமைதான் ரோட்ஸில் கைகொடுத்தது.

நம் பக்கத்து ஆட்கள். முதலில் டாக்டர் பி. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார். திருச்செங்கோட்டுக்குப் பக்கம், அன்றைக்குச் சேலம் ஜில்லா, இப்போது நாமக்கல் மாவட்டம். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர் என்பதோடு பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. 1949 முதல் 1951 வரை அவர் இந்தோனேசியாவில் இந்தியத் தூதர். 1949 டிசம்பர் 27 அன்றுதான் டச்சுக்காரர்கள் அந்த நாட்டின் ஆட்சியை முறைப்படி ஒப்படைத்தார்கள். 1950 ஜனவரி 26, நம் முதல் குடியரசு நாளுக்குச் சிறப்பு விருந்தினர் சுகர்ணோ. 1951 மார்ச் 3 இரு நாட்டு நட்புறவு ஒப்பந்தம். சண்டையை நிறுத்துவது ஒரு வேலை என்றால், சண்டை வராத இடத்தில் உறவுக்கு அஸ்திவாரம் போடுவது வேறு வேலை. இதற்கு நோபல் பரிசு கிடையாது.

மற்றவர் ராஜாஜி. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். 1962-ல் எந்த அரசுப் பதவியிலும் இல்லாமல், காந்தி அமைதி அறக்கட்டளையின் குழுவுக்குத் தலைமை ஏற்று, 83 வயதில் வாஷிங்டன் போய் செப்டம்பர் 28 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்பதே போன காரியம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. ராஜாஜியால்தான் நடந்தது என்று மேடையில் யாராவது அடித்துவிடப் போகிறார்கள், விடாதீர்கள். நடுவில், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்புவரை போன கியூபா நெருக்கடி இருக்கிறது.

நிகழ்ச்சிக்கு ஒரு யோசனை. பேச்சுப் போட்டி வேண்டாம். மூன்று அறைகள், ஒன்பது பிள்ளைகள், அறைக்கு மூவர். நடு அறை ஐ.நா. பிரச்சினை: காபிப் பூ விடும் மாதங்களில் மேல் எஸ்டேட்டும் கீழே உள்ள ஊரும் ஒரே ஓடைத் தண்ணீருக்கு அடித்துக்கொள்கின்றன. முதல் பத்து நிமிடம் எதைப் பேசுவது என்ற பட்டியல் மட்டும், இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த இருபது நிமிடம் நடு அறைப் பிள்ளைகள் தாளோடு அங்கும் இங்கும் போய்வரட்டும். கடைசிப் பத்து நிமிடம்தான் எல்லோரும் ஒன்றாக. ஐ.நா. பிள்ளை ‘நீ செய்தது தப்பு’ என்று ஆரம்பிக்கும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் தாளை வகுப்பில் மற்றவர்களிடம் கொடுத்து ஓட்டை தேடச் சொல்லுங்கள். ‘காலையில் தண்ணீர் திறக்கலாம்’ என்று எழுதியிருந்தால் எத்தனை மணிக்கு, யார் கடிகாரப்படி, மழை பெய்த அன்றுமா என்று கேட்டுக் கிழித்துவிடுவார்கள்.

இன்னொரு பயிற்சி. 1948 நவம்பர் 30 அன்று ஜெருசலேமில் இஸ்ரேலின் மோஷே தயானும் ஜோர்டானின் அப்துல்லா அல்-தல்லும் 1:20,000 வரைபடத்தில் கோடு போட்டார்கள். தடித்த மெழுகுப் பென்சில், ஒருவருக்குப் பச்சை, மற்றவருக்குச் சிவப்பு. கோட்டின் தடிமனே 3, 4 மில்லிமீட்டர். தரையில் அது 60 முதல் 80 மீட்டர். தற்காலிகம்தானே என்று யாரும் கவலைப்படவில்லை. அதே வரைபடம் ஏப்ரலில் ஒப்பந்தத்துக்குள் போனது. கோட்டுக்கு அடியில் நின்ற வீடுகளும் தெருக்களும் யாருடையவை என்று வருடக்கணக்கில் தகராறு.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் ஏற்காடு ஏரியை ஒட்டி, அண்ணா பூங்காப் பக்கமாக, ஒரு பிள்ளையைக் கோடு போடச் சொல்லுங்கள். ஸ்கெட்ச் பேனா 2 மில்லிமீட்டர் என்றால் தரையில் 100 மீட்டர். ரோடும் கடைகளும் கோட்டுக்குள் போய்விடும். யார் கடை எந்த நாட்டில் என்று அவர்களே சண்டை போட ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு கூர்சீவிய பென்சிலைக் கொடுத்து, ‘ஏரிக்கரை ரோட்டின் கிழக்கு ஓரம் வழியாக’ என்பது மாதிரி வார்த்தையிலும் எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் 1:50,000 என்ற கணக்கு செல்லாது. ஓரத்தில் இருக்கும் அளவுகோலையும் சேர்த்தே பெரிதாக்கி, அதை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.